கடலுக்குப் போகும் தண்ணீர் வீணா?

முத்துப்பேட்டைக்கு அருகே ஒரு கிராமத்தில் விவசாயத் தொழிலாளர் கூட்டம் முடிந்து நாம் புறப்படும் சமயம். ஒரு பெரியவர் நம்மை நிறுத்தினார். "தோழரே, ஆற்றுத் தண்ணீர் கடலில் கலந்து வீணாய்ப் போகிறது என்று எல்லாக் கட்சிக்காரர்களும் மேடையில் பேசுகிறார்கள். நீங்களும் இப்போது அதையேதான் பேசினீர்கள். கடலுக்குப் போனதெல்லாம் வீண் என்றால், நாம் நிற்கிற இந்த மண் எங்கேயிருந்து வந்தது?" என்று கேட்டார்.

நாம் சரியான பதில் சொல்லவில்லை. கடைசி பஸ்ஸைச் சாக்குச் சொல்லி வந்துவிட்டோம். ஆனால் அந்தக் கேள்வி நம்மை விடவில்லை. எத்தனையோ மேடைகளில் அந்த வார்த்தையைச் சொல்லிக் கைதட்டு வாங்கியவர்கள் நாம். எனவே விஷயத்தைத் தேடிப் படித்தோம். படித்ததில் தெரிந்ததை அந்தப் பெரியவருக்கும், அவரைப் போன்ற மற்றத் தோழர்களுக்கும் இங்கே சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

வயலில் நடப்பதே கடலிலும்

ஆற்றங்கரை உடைந்து வெள்ளம் வயலில் பாய்ந்ததை நம் விவசாயத் தோழர்கள் பார்த்திருப்பார்கள். தண்ணீர் வடிந்த பிறகு என்ன இருக்கும்? உடைப்பு வாயில் மணல் மேடு தட்டியிருக்கும். சற்றுத் தள்ளிப் பொடி மணல். வயலின் கடைசி மூலையில் வழவழவென்று களி. ஏன் இப்படி? ஓடுகிற தண்ணீருக்குச் சுமக்கும் சக்தி உண்டு. வேகம் குறைந்தால் அந்தச் சக்தியும் குறையும். கனமான மணலை முதலில் கீழே போடும். இலேசான களியைக் கடைசி வரை கொண்டுபோகும். பஞ்சாலையில் புளோ ரூமில் வேலை செய்யும் தோழர்களுக்கும் இது புரியும். காற்று இழுக்கும் வேகத்தில் பஞ்சு பறந்து போகிறது. வேகம் தளர்ந்த இடத்தில் கனமான குப்பை முதலில் விழுகிறது.

ஆறு கடலைத் தொடும் இடத்திலும் இதே கதைதான். கரைகளுக்கு நடுவே அடக்கி ஓடிய தண்ணீர் விரிந்த கடலில் நுழைந்ததும் வேகம் இழக்கிறது. வாயிலில் மணல் திட்டு எழும்புகிறது. அந்தத் திட்டில் முட்டி ஆறு இரண்டாகப் பிரிகிறது. பிரிந்த கிளைகளின் வாயில் மீண்டும் திட்டு, மீண்டும் பிரிவு. இலேசான களி உப்புநீர் பட்டதும் திரண்டு, தள்ளிப் போய்ப் படிகிறது. திட்டுகளில் கோரை முளைக்கிறது. கோரை இன்னும் வண்டலைப் பிடிக்கிறது. இப்படி நேற்றுக் கடலாக இருந்தது நாளை தரையாகிறது. இதைத்தான் டெல்டா என்கிறோம்.

ஆண் கடல், பெண் கடல்

ஆனால் எல்லாக் கடலும் ஆற்றுக்கு இடம் கொடுத்துவிடாது. இராமேசுவரத்து மீனவர்கள் தெற்கே அலை ஓங்கி அடிக்கும் மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும், வடக்கே அடங்கிக் கிடக்கும் பாக் விரிகுடாவை பெண் கடல் என்றும் சொல்வார்கள். படித்த விஞ்ஞானிகள் செய்யும் பாகுபாட்டை அவர்கள் எப்போதோ செய்துவிட்டார்கள்.

அலை ஓங்கிய கடலில் ஆறு போடும் மணலை அலை உடனே வாரிக் கரையோரமாக இழுத்துப் பரப்பிவிடும். கரை நேராகவே இருக்கும். கங்கையின் முகத்தில் உள்ள சுந்தரவனத்தைப் போலக் கடலேற்றமும் வற்றமும் பலமாக உள்ள இடத்தில், அந்த ஓட்டம் வண்டலை உள்ளும் புறமுமாக இழுத்து நீள நீளமான கழிகளாக வெட்டும். அலையும் பலமில்லை, ஏற்றவற்றமும் பலமில்லை என்ற கடலிலோ ஆறு வைத்ததுதான் சட்டம். போட்ட இடத்தில் வண்டல் கிடக்கும். ஆறு தன் கைகளைக் கடலுக்குள் நீட்டிக்கொண்டே போகும்.

இதற்கு உலகமே காட்டும் உதாரணம் அமெரிக்காவின் மிஸிஸிப்பி. அந்நாட்டின் 31 மாநிலங்களிலிருந்து நீரை வாரிக்கொண்டு வந்து லூயிஸியானா மாநிலத்தில் மெக்சிகோ வளைகுடாவில் விழுகிறது அந்த ஆறு. அங்கே கடல் ஏறி இறங்கும் உயரம் சுமார் ஓர் அடிதான். சாதாரண நாளில் அலையும் சிறிது. எனவே ஆறு பறவையின் பாதம் போல விரல்களை விரித்துக் கடலுக்குள் நீண்டு கிடக்கிறது.

ஆனால் அமைதியான கடலில் பிறந்த நிலத்துக்கு ஒரு பலவீனம் உண்டு. ஆறு நீள நீள அதன் வாட்டம் குறைகிறது, ஓட்டம் மந்தமாகிறது. ஒரு பெரு வெள்ளத்தில் பக்கக் கரையை உடைத்துக் கடலுக்குக் குறுக்கு வழி தேடிக்கொள்கிறது. மிஸிஸிப்பி சென்ற 7,000 ஆண்டுகளில் சுமார் 1,000 அல்லது 1,500 ஆண்டுகளுக்கு ஒரு முறை இப்படிப் பாதை மாறியிருக்கிறது. கைவிட்ட பக்கம் வண்டல் வராது. ஈரக் களி தன் கனத்தாலேயே இறுகித் தாழும். கடல் மெல்ல ஏறி வரும். கடைசியில் அலை அரித்து மிச்சம் வைத்த மணல் வளையம் மட்டும் நிற்கும். நியூ ஆர்லியன்ஸ் நகருக்குக் கிழக்கே சாண்டெலூர் தீவுகள் என்று இன்றும் இருப்பவை அப்படி இறந்துபோன ஒரு பழைய டெல்டாவின் எலும்புகள்தான்.

ஆகவே விஷயம் இது: டெல்டா நிலம் ஒரு முறை கட்டி முடித்த வீடல்ல. அன்றாடக் கூலியில் ஓடும் குடும்பம் போன்றது. வண்டல் வரும் வரை நிற்கும். வரவு நின்றால் அன்றிலிருந்து தாழத் தொடங்கும்.

கரை உயர்ந்தது, தரை கரைந்தது

இயற்கையாக ஒரு பக்கம் தாழ்ந்தால் இன்னொரு பக்கம் எழும்பியது. கணக்கு நேராகிவிட்டது. மனிதன் நுழைந்த பிறகு கணக்கு தவறியது. "மனிதன்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகக் கூடாது. எந்த மனிதர்கள், எதற்காக என்று கேட்க வேண்டும்.

1927-ஆம் ஆண்டு மிஸிஸிப்பியில் மகா வெள்ளம் வந்தது. 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜனங்கள் வீடிழந்தனர். மறு ஆண்டு, 1928-இல், அமெரிக்க சர்க்கார் வெள்ளத் தடுப்புச் சட்டம் இயற்றி ஆற்றின் இருபுறமும் உயரமான கரைகளை எழுப்பியது. கரைகளால் நன்மை இல்லை என்று நாம் சொல்லமாட்டோம். உயிர்களும் பயிர்களும் பிழைத்தன. ஆனால் வெள்ளத்தோடு இருபுறச் சதுப்பு நிலங்களிலும் பரவி வந்த வண்டலும் நின்றுபோயிற்று. அது கரைகளுக்கு நடுவே ஓடிப் போய்க் கடலின் ஆழத்தில் விழுகிறது. 1950-களில் மிஸ்ஸோரி உபநதியில் பெரிய அணைகள் எழுந்தன. தேங்கிய நீரில் வேகம் ஏது? வண்டல் அணைக்குள்ளேயே படிந்தது. மிஸிஸிப்பி கடலுக்குக் கொண்டுவரும் வண்டல் பழைய அளவில் ஏறக்குறையப் பாதியாகிவிட்டது.

ஆறு மறுபடி பாதை மாறவும் முயன்றது. மேற்கே அட்சாஃபலாயா என்ற கிளை கடலுக்குக் குறுக்கு வழி. அதில் முழு ஆறும் திரும்பிவிட்டால் நியூ ஆர்லியன்ஸ் துறைமுகமும், ஆற்றோரம் வரிசையாக நிற்கும் எண்ணெய், ரசாயன ஆலைகளும் என்ன ஆவது? 1963-இல் மதகுகள் கட்டி, 100-க்கு 30 பங்கு நீர்தான் அந்தப் பக்கம் போகலாம் என்று சர்க்கார் நிர்ணயித்தது. 1973 வெள்ளத்தில் அந்த மதகின் அடி அரித்து, கட்டடமே பெயர்ந்துவிடும் நிலை வந்தது.

மூன்றாவதாக எண்ணெய்க் கம்பெனிகள் வந்தன. கிணறு தோண்டவும் குழாய் பதிக்கவும் சதுப்பு நிலத்தில் ஆயிரக்கணக்கான மைல் கால்வாய்களை வெட்டின. வேலை முடிந்ததும் மூடாமல் போய்விட்டன. அந்த வழியே உப்புநீர் உள்ளே ஏறியது. கோரை செத்தது. வேர்ப் பிடிப்பு போனதும் மண் கரைந்தது.

1932 முதல் 2016 வரையில் லூயிஸியானாக் கடலோரத்தில் சுமார் 12 லட்சம் ஏக்கர் நிலம் தண்ணீராகிவிட்டது. 1932-இல் இருந்ததில் நான்கில் ஒரு பங்கு போயிற்று. நம் பழைய தஞ்சை ஜில்லாவில் ஏறக்குறையப் பாதியை நினைத்துப் பாருங்கள். உலகத்திலேயே பணக்கார நாட்டில், அத்தனை எஞ்சினியர்களும் யந்திரங்களும் உள்ள நாட்டில் இது நடந்தது.

யாருடைய வீடு மூழ்கியது?

நஷ்டம் எல்லோருக்கும் சமமாக வரவில்லை. 1927 ஏப்ரல் 29-ஆம் தேதி நியூ ஆர்லியன்ஸ் நகரத்தைக் காப்பது என்ற பெயரில், நகரப் பாங்கி முதலாளிகள் சொன்னபடி, நகருக்குக் கீழே கேர்நார்வன் என்ற இடத்தில் கரையை வெடி வைத்துத் தகர்த்தார்கள். அங்கே இருந்தவர்கள் மீன் பிடித்தும், பொறி வைத்துப் பிராணி பிடித்தும் பிழைத்த ஏழைகள். சுமார் 10,000 பேர் வீடு வாசலை விட்டுப் போனார்கள். முழு நஷ்ட ஈடு என்று வாக்களித்தார்கள்; பெரும்பாலோருக்குக் கிடைத்தது சொற்பம். இதில் கொடுமை என்னவென்றால், மேலே வேறு இடங்களில் கரை தானாகவே உடைந்து வெள்ளம் தணிந்துவிட்டது. வெடி வைக்கத் தேவையே இருக்கவில்லை!

அதே வெள்ளத்தில் மேலே கிரீன்வில் என்ற ஊரில் ஆயிரக்கணக்கான நீக்ரோ மக்களைக் கரை மேலேயே முகாம் போட்டு நிறுத்தினார்கள். படகில் வேறு ஊர் போக விடவில்லை. ஏன்? போனால் திரும்பி வரமாட்டார்கள், பருத்திப் பண்ணைக்கு ஆள் கிடைக்காது என்று பண்ணை முதலாளிகளுக்குப் பயம். துப்பாக்கிக் காவலில் வேலை வாங்கினார்கள். அடையாளச் சீட்டு அணியாதவனுக்குச் சாப்பாடு கிடையாது. பண்ணையாள் முறையை அறிந்த தஞ்சைத் தோழர்களுக்கு இதற்கு மேல் நாம் விளக்க வேண்டியதில்லை.

ஐல் டி ஜான் சார்லஸ் என்று அங்கே ஒரு தீவு. பூர்வகுடி மக்கள் வாழ்ந்த இடம். 1955-இல் 22,000 ஏக்கருக்கு மேல் இருந்தது. கரைந்து கரைந்து சுமார் 320 ஏக்கர் மிஞ்சியது. 2022-இல் அம்மக்களை உள்நாட்டில் வேறு இடத்தில் குடியேற்றினார்கள். கால்வாய் வெட்டி எண்ணெய் எடுத்தவர்கள் அவர்கள் அல்ல. கரை கட்டித் துறைமுகம் நடத்தியவர்களும் அவர்கள் அல்ல. ஆனால் போனது அவர்களுடைய மண்.

நகரத்துக்கும் தப்பில்லை. புயல் வரும்போது கடலின் வேகத்தைக் குறைக்கும் கவசம் அந்தச் சதுப்புதான். 2005 ஆகஸ்டில் கத்ரினாப் புயல் அடித்தது. தடுப்புச் சுவர்கள் உடைந்தன. நியூ ஆர்லியன்ஸில் 100-க்கு 80 பங்கு மூழ்கியது. காரும் கையில் காசும் உள்ளவர்கள் முன்பே வெளியேறினார்கள். இல்லாதவர்கள் கூரை மேல் ஏறி நின்றார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

ஆற்றுக்கு இன்னும் பலம் இருக்கிறது

இதையெல்லாம் படித்து மனம் தளர்ந்துவிட வேண்டாம். அதே லூயிஸியானாவில் 1940-களின் தொடக்கத்தில், ஓர் ஊரை வெள்ளத்திலிருந்து காக்க, வேக்ஸ் ஏரி என்ற இடத்தின் வழியே அட்சாஃபலாயாவிலிருந்து ஒரு வடிகால் வெட்டினார்கள். டெல்டா உண்டாக்க வேண்டுமென்று யாரும் திட்டம் போடவில்லை. தண்ணீர் வண்டலோடு போய் அமைதியான விரிகுடாவில் விழுந்தது. 30 ஆண்டுகள் தண்ணீருக்கடியில் படிந்துகொண்டே இருந்தது. 1973 வெள்ளத்துக்குப் பிறகு திட்டுகள் வெளியே தலை காட்டின. இன்று அங்கே மரமும் கோரையும் பறவைகளுமாகப் புதிய நிலம் வளர்ந்து நிற்கிறது. சுற்றிலும் கரை கரைந்துகொண்டிருக்கும்போது இந்த ஓரிடம் வளர்கிறது. வண்டலும் நீரும் சேர்ந்து வந்தால் அமைதியான கடலோரத்தில் நிலம் மீண்டும் பிறக்கும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

இதைப் பார்த்தே பராடாரியா என்ற இடத்தில் கரையில் மதகு வைத்து வண்டல் நீரைச் சதுப்பில் விட 300 கோடி டாலர் திட்டம் ஒன்று போட்டு, 2023-இல் வேலை தொடங்கினார்கள். 2025 ஜூலையில் அதைக் கைவிட்டுவிட்டார்கள். செலவு மிகுதி என்றார்கள். இன்னொரு காரணமும் உண்டு. நல்ல தண்ணீர் உள்ளே வந்தால் சிப்பிப் படுகைகள் அழியும், இறால் இடம் பெயரும் என்று அங்கே மீன்பிடித் தொழிலாளர் எதிர்த்தார்கள். அவர்களை அறிவில்லாதவர்கள் என்று நாம் தள்ளிவிட மாட்டோம். 50 ஆண்டு கழித்து நிலம் வரும் என்றால் இந்த மாதம் அடுப்பு எரியுமா? விஞ்ஞானம் சரியாக இருந்தாலும், நஷ்டத்தை உழைப்பாளி தலையில் கட்டுகிற திட்டம் நிற்காது. முதலில் அவனுக்கு வழி செய்து, அவனையும் உட்கார வைத்துப் பேசி, பிறகு மதகைத் திறக்க வேண்டும்.

நம் ஆற்றுக்கு வருவோம்

காவிரி டெல்டா இரண்டு கடல்களைப் பார்க்கிறது. கிழக்கே வங்கக் கடல். அங்கே அலை அடித்து மணலை இழுத்துக் கரையை நேராக்குகிறது. கோடியக்கரையில் கரை மேற்கே திரும்புகிறது. அதற்குத் தெற்கே பாக் நீரிணை. இலங்கைத் தீவு மறைத்து நிற்பதால் ஆழமில்லாத, அடங்கிய கடல். கோரையாறும் பாமணியாறும் அவற்றின் சகோதர ஆறுகளும் முத்துப்பேட்டையில் கொண்டுவந்து போட்ட களியில்தான் அலையாத்திக் காடு வளர்ந்தது. பெரியவர் கேட்ட மண்ணும் அதே மண்தான்.

1934-இல் மேட்டூர் அணை, 1955-இல் பவானிசாகர், கர்நாடகத்தில் கிருஷ்ணராஜசாகரும் பிறவும். இந்த அணைகளால் லட்சக்கணக்கான ஏக்கர் விளைந்தது. நமக்கு வேலை கிடைத்தது. அணையை இடி என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் அணையில் நின்ற வண்டல் எங்கே? அதன் கணக்கு என்ன? 2018-இல் சுப்ரீம் கோர்ட்டு காவிரியின் 740 டி.எம்.சி. நீரைப் பங்கு போட்டது. தமிழ்நாட்டுக்கு 404.25, கர்நாடகத்துக்கு 284.75, கேரளத்துக்கு 30, புதுவைக்கு 7, சுற்றுச்சூழலுக்கு 10. கடலுக்குத் தவிர்க்க முடியாமல் போவது என்று 4. நீருக்குப் பைசா சுத்தமாகக் கணக்கு இருக்கிறது. வண்டலுக்கு ஒரு பத்திகூட இல்லை!

அணைக்குத் தப்பி ஆற்றில் கிடந்த மணலையும் லாரி லாரியாக அள்ளினார்கள். 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் முக்கொம்பு மேலணையில் கொள்ளிடம் பக்கத்து மதகுகள் அடித்துக்கொண்டு போயின. திருச்சியில் பழைய கொள்ளிடம் பாலமும் சரிந்தது. மணல் கொள்ளையால் படுகை தாழ்ந்ததே இதற்குக் காரணம் என்று விவசாயிகள் அப்போதே சொன்னார்கள். உபரி வெள்ளம் வந்தால் கொள்ளிடத்தில் திருப்பிவிடுகிறார்கள். தெற்கே கடைமடை ஆறுகளுக்கு அதில் வருவது சொற்பம். நல்ல தண்ணீர் வராத ஆற்றில் கடல் தண்ணீர் ஏறுகிறது. 2018 நவம்பரில் கஜாப் புயல் முத்துப்பேட்டைக் காட்டை முறித்துப் போட்டதை நாம் கண்ணால் பார்த்தோம். 2020-இல் வந்த வேளாண் மண்டலச் சட்டம் டெல்டாவில் புதிய எண்ணெய், எரிவாயுக் கிணறுகளைத் தடுத்தது. நல்லதுதான், போராடிய மக்களின் வெற்றி அது. ஆனால் பழைய கிணறுகளை அது தொடவில்லை.

லூயிஸியானாவில் நடந்தது அப்படியே இங்கே நடக்கும் என்று நாம் ஜோசியம் சொல்லவில்லை. ஆறு வேறு, அளவு வேறு. ஆனால் மண் படியும் விதி ஒன்றுதான். நஷ்டம் கடைமடைக்காரன் தலையில் விழும் விதியும் இதுவரை ஒன்றாகத்தான் இருக்கிறது.

எனவே நாம் கேட்க வேண்டியவை இவை. ஒவ்வோர் அணையிலும் எவ்வளவு வண்டல் நிற்கிறது என்று ஆண்டுதோறும் சர்க்கார் கணக்குக் காட்ட வேண்டும். அணையிலும் ஏரியிலும் தூர் எடுக்கும் வண்டல், கான்டிராக்டர் கைக்குப் போகாமல், சிறு விவசாயிகளின் வயலுக்கு இலவசமாக வர வேண்டும். ஆற்று மணல் கொள்ளை நிற்க வேண்டும். பெருவெள்ளக் காலத்தில் ஒரு பங்காவது தெற்கத்திக் கடைமடை ஆறுகள் வழியே கடல் முகம் வரை போக வேண்டும். எந்தத் திட்டமானாலும், அதனால் வேலை இழக்கும் விவசாயத் தொழிலாளிக்கும் மீனவனுக்கும் முன்கூட்டியே ஈடு தர வேண்டும். பேச்சு நடக்கும் இடத்தில் அவர்களுடைய சங்கத்துக்கு நாற்காலி போட வேண்டும்.

காவிரியில் நம் பங்கு நீருக்காகப் போராடுவதை நாம் ஒருநாளும் கைவிட மாட்டோம். அது உயிர்ப் பிரச்னை. ஆனால் "கடலுக்குப் போவது வீண்" என்ற வார்த்தையை இனிமேல் நம் மேடையில் சொல்லக் கூடாது. அது கடைமடைக்கு விரோதமான வார்த்தை. அடுத்த முறை அந்தக் கிராமத்துக்குப் போகும்போது பெரியவரைத் தேடிப் போய் இதைச் சொல்வோம். கடலுக்குப் போன தண்ணீர்தான் நீங்கள் நிற்கிற மண்ணைக் கொண்டுவந்தது, தோழரே. நீங்கள் கேட்டது சரி, நாம் மேடையில் பேசியதுதான் தவறு.